பண்ணையே பள்ளி என்பார்க்கு

பிள்ளைகளைப் பள்ளியினின்றும் மீட்டுப் பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்னும் முழக்கம் அண்மைக் காலமாக நம்மிடையே வலுத்து வருகின்றது. ஊர்ப்புறத்தில் நான்கு ஏக்கர் நிலம் வாங்கி, ஓட்டு வீடொன்று கட்டி, பிள்ளைகளின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டு, மண்ணையும் மழையையும் அவர்கட்கு ஆசிரியர்களாக அமர்த்திவிட்டால் இந்நாட்டுக் கல்வியின் நோயெல்லாம் தீரும் என்று சொல்வோர் பெருகிவிட்டனர். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில் இவ்வெண்ணம் பலர் உள்ளத்தில் வேர்விட்டது. தமிழ்ச் சங்கக் கூட்டங்களிலும் இதனைப் பேசுவோர்க்குக் கைதட்டல் மிகுதியாகக் கிடைக்கின்றது. கார்த்திகை மாதத்துத் தில்லிப் புகைமூட்டத்தில் இருமிக்கொண்டே பள்ளி வண்டிக்குக் காத்து நிற்கும் குழந்தையின் தாய்க்கு இப்பேச்சு இனிப்பதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் நான் இதனை மறுத்தே எழுதுகின்றேன். காவிரிப் படுகையில் உழவர் குடியில் பிறந்து, விடியலில் நாற்று முடி சுமந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடியவன் நான். இன்று நடுவணரசு அலுவலகமொன்றில் எழுத்தனாக இருப்பவன். பண்ணையின் பெருமையை எனக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

எதிர்த்தரப்பார் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. நம் பள்ளிகளுள் பல மனப்பாடக் கூடங்களாகிவிட்டன என்பதும், பிள்ளைக்கு மீசை அரும்புமுன்னரே நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டும் பெற்றோர் தலைநகரில் உளர் என்பதும் எவரும் அறிந்தவை. நெல் எந்த மரத்தில் காய்க்கும் என்று நகரத்துப் பிள்ளை வினவியதாகச் சொல்லும் பழைய வேடிக்கைக் கதையை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால், தென்மேற்குப் பருவக்காற்றையும் வடகிழக்குப் பருவக்காற்றையும் நிலப்படத்தில் அம்புக்குறியிட்டுப் பிழையின்றிக் காட்டும் மாணவனுக்குத் தன் பாட்டனார் வயலில் எம்மாதம் தண்ணீர் நிற்கும் என்பது தெரிவதில்லை. இக்குறையைக் காண்பதில் அவர்களுக்கும் எனக்கும் வேற்றுமை கிடையாது. அதற்கு அவர்கள் எழுதித் தரும் மருந்தையே நான் ஏற்கவில்லை.

வயல் எதனைக் கற்பிக்கும் என்பதை நேர்மையாகவே கணக்கிடுவோம். சித்திரையில் நல்லேர் பூட்டும் நாளில் நிலம் வெடித்துக் கிடக்கும். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னர் ஈர வயலில் தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் அதற்குள் பறித்தெடுக்கப்பட்டிருக்கும். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து வந்த கீதாரிகளின் ஆட்டுக் கிடை வயலுக்கு வயல் மாறிக்கொண்டிருக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் சூன் 12 நெருங்கும்போது வாய்க்கால் தூர் வாரப்படும். தண்ணீர் கல்லணையைக் கடந்து கடைமடைக்கு வந்து சேரும்வரை ஊரார் பேச்சில் வேறு பொருள் இராது. ஆனியில் குறுவைக்கு நாற்றங்கால். ஆடியில் பதினெட்டாம் பெருக்கு. ஆவணிக்குள் சம்பாவுக்கு விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போர்த்தி முளை கட்டுவார்கள். அச்சாக்கினுள் கையை நுழைத்து, உள்ளங்கைச் சூட்டினால் முளையின் பக்குவத்தை அறிவது ஒரு பாடம். அதனை எந்தக் கரும்பலகையிலும் எழுத இயலாது. புரட்டாசியில் சேடை கலக்கி, பரம்படித்து, வரப்புக்கு அண்டை வெட்டி நடவு. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் எந்த மடையை அடைப்பது, எந்த வடிகாலைத் திறப்பது என்பதை நள்ளிரவில், தோளில் மண்வெட்டியோடு முடிவு செய்ய வேண்டும். மேல்வயல்காரனோடு பகையும் கொள்ளாமல் அதனைச் செய்ய வேண்டும். கார்த்திகையில் பயிர் தூர் கட்டியபின், குனிந்து தண்டின் அடியில் புகையான் பூச்சி கண்டிருக்கின்றதா என்று பார்க்கும் கண் வாய்க்க வேண்டும். மார்கழிப் பனியில் கதிர் பால் பிடிக்கும். நெல்மணியை நகத்தால் நசுக்கினால் வெண்பால் கசியும். தையில் அறுவடை. இன்று எந்திரம் வந்து ஒரு முற்பகலில் அறுத்து முடித்துச் சென்றுவிடுகின்றது. கதிர் அரிவாளைப் பரணில்தான் தேட வேண்டும்.

இவ்வளவும் கல்வியே. மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்னும் வாய்ப்பாடு நிலத்தை நடந்து அளந்தவனுக்கு மறப்பதில்லை. ஆனால் வயல், தந்தை அறிந்ததையே மகனுக்குச் சொல்லும். தந்தை அறியாதது வெளியிலிருந்து, பெரும்பாலும் எழுத்தின் வழியாகவே வரவேண்டும். என் இளமையில் முப்பது நாளைக் கடந்த நாற்றைக் கொத்துக் கொத்தாக நெருக்கி நடுவதே எங்கள் ஊர் வழக்கம். பதினான்கு நாள் நாற்றை ஒற்றையாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில், சதுரமாக நட்டால் விதையும் நீரும் மிச்சமாகும் என்பதை எங்கள் வாய்க்கால் எங்களுக்குச் சொல்லவில்லை. 1980-களில் மடகாஸ்கர் தீவில் பாதிரியார் ஒருவர் உருவாக்கிய அம்முறை, ஏடுகளில் ஏறி, ஆய்வுப் பண்ணைகளைக் கடந்து, திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரோடு எங்கள் வரப்புக்கு வந்தது. துண்டறிக்கையைப் படிக்கத் தெரிந்தவன் முதலில் செய்து பார்த்தான். படிக்கத் தெரியாதவன் அடுத்த ஆண்டு அவன் வயலை எட்டிப் பார்த்துச் செய்தான்.

பருவமே நல்லாசிரியன் என்கின்றனர். அவ்வாசிரியன் சில ஆண்டுகளில் வகுப்புக்கே வருவதில்லை. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் மேட்டூர் அணை குறுவைக்குரிய நாளில் திறக்கப்படவில்லை. 2024-இல் சூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் ஒரு தலைமுறை வளர்த்த தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. அத்தோப்பை மட்டுமே பிள்ளைக்குப் பள்ளியாக வைத்திருந்தவன் மறுநாட்காலையில் என்ன செய்திருப்பான்? படித்த பிள்ளை ஒருவன் திருப்பூரிலோ சென்னையிலோ இருந்த வீடுகளுக்கு மாதந்தோறும் பணம் வந்தது. அப்பணத்தில் புதிய கன்றுகள் நடப்பட்டன. உழவின் சிறப்புக்கு வள்ளுவரைத் துணைக்கழைப்போர் ஒன்றை நோக்க வேண்டும். அவர் கல்வியை 40-ஆம் அதிகாரத்திலும் உழவை 104-ஆம் அதிகாரத்திலும் வைத்தார். ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டா என்று யாண்டும் கூறவில்லை. உழவை அடுத்து அவர் வைத்த 105-ஆம் அதிகாரத்துக்கு நல்குரவு என்று பெயர். மேடையில் உழவு பாடுவோர் அடுத்த ஏட்டைப் புரட்டுவதே இல்லை.

இனி, பண்ணை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நகரத்தார் உள்ளத்தில் கயிற்றுக் கட்டிலும் கன்றுக்குட்டியும் தோன்றுகின்றன. தஞ்சை மண்ணில் அச்சொல்லோடு பிறந்த மற்றொரு சொல் பண்ணையாள் என்பதாகும். பண்ணையாளின் பிள்ளை ஏழெட்டு வயதில் மிராசுதாரின் மாட்டை ஓட்டிக்கொண்டு புறப்பட்டான். அவனும் பருவங்களை அறிந்தான். மண்ணை மணந்து பார்த்தே அதன் பதத்தைச் சொன்னான். அவனுக்கு எப்பள்ளியின் தொல்லையும் இருந்ததில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் பற்றிப் படுகையின் முதியோர் சொல்லக் கேட்டவர்க்கு, பள்ளியில்லாத பண்ணை வாழ்வு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டா. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. அச்சட்டத்துக்கு வழிவகுத்த இராசாசியின் அமைச்சரவையே அடுத்த ஆண்டில் ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1953-54 கல்வியாண்டில் சென்னை மாநிலத்துச் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் செயற்படுத்தப்பட்ட அத்திட்டத்தின்படி, பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய பொழுதில் அவர்கள் தத்தம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ஆசிரியரும் கட்டடமும் போதாத நாட்டில், இரண்டு வேளையாகப் பிரித்தால் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். அவ்வாதத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஆயினும் தமிழ் மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று ஒரே சொல்லில் பெயரிட்டு எதிர்த்தனர். உழவன் மகன் உழவனாகவும் வண்ணான் மகன் வண்ணானாகவும் நிற்பதற்கே இது வழி என்றனர். பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார், ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் இராசாசி பதவி விலகினார். அவ்வாண்டு ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார். பின்னர் அவர் பள்ளிகளைத் திறந்ததும், 1956-இல் மதிய உணவைத் தொடங்கியதும், 1982-இல் அது சத்துணவாக விரிந்ததும், 2022-இல் காலை உணவும் சேர்ந்ததும் நம் தலைமுறைகள் கண்ட வரலாறு. வயலிலிருந்த பிள்ளையைச் சோற்றைக் காட்டியேனும் பள்ளிக்கு அழைத்து வந்த நாடு அது. அப்பள்ளிகளின் பயனாக நகரேறி, ஆங்கிலம் பேசி, மென்பொருள் துறையில் பொருளீட்டியவர்களின் மக்கள், இன்று அதே அரைநாள் வகுப்பைக்கூட வேண்டா என்று முழுநாளும் வயலுக்குத் திரும்பச் சொல்கின்றனர். அன்று அரசு சொன்னபோது குலக்கல்வி. இன்று வசதி படைத்தோர் சொன்னால் அதற்குப் பெயர் மாற்றுக்கல்வியாம்!

என் தமையனாரை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். 1980-களின் நடுப்பகுதி அது. வீட்டில் இரண்டு உழவு மாடுகளும் ஆறு வாய்களும் இருந்தன. அவர் மாட்டைப் பிடித்தார். நான் புத்தகத்தைப் பிடித்தேன். நான் மேலே சொன்ன பருவப் பாடங்களில் முக்காற்பங்கு அவர் வாயிலிருந்து கேட்டவை. வானத்தின் வடகிழக்கு மூலையைப் பார்த்து இரவில் மழை வருமா என்று அவர் சொன்னால் பெரும்பாலும் தப்பாது. அவரே நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு சென்றால், சிட்டாவிலும் அடங்கலிலும் எழுதியிருப்பது தம் வயல்தானா என்று அறிய வேறொருவர் முகத்தைப் பார்த்து நிற்பார். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று கருவி காட்டும்போது, கருவியின் எண்ணை அவரால் எதிர்த்து வினவ முடியாது. பயிர்க்கடன் படிவத்தில் கையெழுத்திடும் முன்னர் எனக்குத் தொலைபேசியில் அழைப்பார். பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்வார். அவர் படிப்பதை நான் தில்லியிலிருந்து கேட்பேன். இவ்வளவு அறிந்த மனிதர் ஒரு தாளின் முன் தலைகுனிந்து நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். இத்தகையவர் தம் மகளைத் தை மாதத்து அறுவடை நெருக்கடியிலும் ஒருநாள் பள்ளியிலிருந்து நிறுத்தியதில்லை. பண்ணையே பள்ளி என்று அவரிடம் சென்று ஒருவர் சொல்லட்டும். அவர் விடை கூறும்போது நானும் உடனிருக்க விரும்புகின்றேன்.

காந்தியடிகளைச் சான்றாகக் காட்டுவோர் உளர். காட்டட்டும், அவர் வரலாற்றையே பார்ப்போம். 1910-இல் தென்னாப்பிரிக்காவில் சோகன்னசுபர்க்கு நகருக்கு அருகே, நண்பர் காலன்பாக்கு அளித்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணையை அவர் அமைத்தார். ஆரஞ்சும் பிளம்சுமாய்ப் பழமரங்கள் நிறைந்த இடம். அறப்போரில் சிறை சென்றோரின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். அப்பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே ஆசிரியர்; தமிழும் கற்பித்தார். அவருடைய தமிழறிவு கப்பற்பயணத்திலும் சிறையிலும் போப்பையரின் தமிழ்க் கையேட்டைக் கொண்டு பெற்றதே. தாய்மொழியாகத் தமிழைப் பேசும் பிள்ளைகளுக்கு அவர் தமிழ் சொல்லித் தந்தது அவருடைய பெருமையைக் காட்டுகின்றது. அப்பள்ளியின் வறுமையையும் காட்டுகின்றது. காலை முழுதும் நிலத்தில் உழைப்பு. நண்பகல் உணவுக்குப் பின்னரே பாடம். ஆசிரியரும் மாணாக்கரும் உறக்கத்தோடு போராடியதை அவரே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கின்றார். வெயிலில் உழைத்த உடல் நிழலில் அமர்ந்தால் புத்தகத்தைக் கேட்காது, பாயையே கேட்கும். நாற்று முடி சுமந்த நாள்களில் நான் கண்டதும் இதுவே.

அவருடைய மைந்தர்களும் பள்ளிக்கு அனுப்பப்படாமலே வளர்ந்தனர். மூத்தவர் அரிலால் இதனைப் பெருங்குறையாகக் கருதி, 1911-இல் தந்தையைப் பிரிந்து கல்வி தேடி இந்தியாவுக்கு வந்தார். காலம் கடந்துவிட்டபடியால் மெட்ரிகுலேசன் தேர்வில் அவரால் தேற முடியவில்லை. பட்டம் பெற்றவர்களைக் காணும்போதெல்லாம் தம் மைந்தர்கள் பள்ளிக்கல்வி இன்மையைக் குறையாக உணர்ந்ததைக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்கவில்லை. தாம் செய்ததே சரி என்றும் அவர் வாதிட்டார். அவ்வாதத்தை எழுதியவர் இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டரானவர் என்பதை மறத்தல் ஆகாது. வேண்டா என்று துறக்கும் உரிமை, கையில் உடையவனுக்கே உண்டு. அரிலாலின் கையில் துறப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் காந்தியடிகளே 1937-இல் வார்தாவில் கல்வி மாநாட்டைக் கூட்டியபோது, நாடு முழுவதும் ஏழாண்டுக் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழியில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு என்றே தீர்மானமாயிற்று. சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தாகூரும் அவ்வாறே. 1922-இல் ஸ்ரீநிகேதனத்தில் ஊர்ப்புனரமைப்பைத் தொடங்கிய அவர், 1924-இல் ஏழைச் சிறுவர்க்காகச் சிக்சா சத்திரம் என்னும் பள்ளியை நிறுவித் தோட்ட வேலையையும் நெசவையும் அங்குப் பாடமாக்கினார். இவ்விருவரும் வயலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்கள். பெயரேட்டிலிருந்து பிள்ளையை நீக்கச் சொன்னவர்கள் அல்லர்.

அமெரிக்க நாட்டில் ஆமிசு என்னும் சமயப் பிரிவினர் குதிரை ஏர் பூட்டி வாழ்பவர்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் அவர்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று 1972-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவர் இத்தீர்ப்பைக் கொடியாக ஏந்துகின்றனர். அவ்வாமிசுகளும் எட்டாம் வகுப்புவரை பள்ளிக்கு அனுப்பினர் என்பதைச் சொல்ல மறக்கின்றனர். அவ்வழக்கில் நீதிபதி டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டு, பெற்றோரின் நம்பிக்கை ஒருபுறம் இருக்க, பிள்ளையின் விருப்பம் என்ன என்று கேட்க வேண்டாவா என்றார். எனக்கு அம்மாறுபட்ட குரலே பெரிதாகப் படுகின்றது. பத்து வயதுப் பெண் ஒருத்தி கன்றுக்குட்டியை விரும்புவாள். இருபது வயதில் அவள் மருத்துவராக விரும்பினால்?

சட்ட வாசகங்களைப் படித்துக் குறிப்பெழுதுவது என் தொழிலாதலால் ஈண்டு ஒன்றைக் கூற வேண்டும். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை பள்ளிக்கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோரைத் தண்டிக்கும் விதி அதில் இல்லை. திறந்தநிலைப் பள்ளியின் தேர்வை எழுதவும் வழியுண்டு. ஆதலின் வசதியுள்ளோர் தப்பித்துக்கொள்வர். இடர் வேறிடத்தில் உள்ளது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், ஆபத்தான தொழில் தவிர்த்து, குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் பிள்ளை உதவலாம் என்கின்றது; பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறை நாள்களிலும் மட்டும் என்று வரம்பும் கட்டுகின்றது. குடும்பம் என்பதற்குள் பெற்றோரின் உடன்பிறந்தாரும் அடங்குவர். ஆகவே மாமன் வயலும் சிற்றப்பன் வயலும் குடும்பத் தொழிலே. இவ்விதியில் பிள்ளையைக் காக்கும் வேலி ஒன்றே ஒன்று. பள்ளி நேரம் என்பதே அது. பள்ளியே வேண்டா என்றால் பள்ளி நேரம் ஏது? வேலியைப் பிடுங்கியபின் வயலுக்குள் எது நுழையும் என்பதை உழவர் குடியில் பிறந்தோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகெங்கும் உழைக்கும் சிறுவர்கள் 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 13.8 கோடிப் பேர். அவர்களுள் 61 விழுக்காட்டினர் வேளாண்மையில்தான் உழைக்கின்றனர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெபும் கூறுகின்றன. ஆலையைக் காட்டிலும் வயலே சிறுவர் உழைப்பின் பெரிய களம்.

பண்ணை வீட்டில் பாடம் சொல்வது யார் என்னும் வினாவையும் கேட்டாக வேண்டும். முழக்கமிடுபவர் தந்தை, அடுப்பையும் மாட்டையும் பார்த்து, பின்னங்கணக்கும் இலக்கணமும் சொல்லித் தருபவள் தாய். அவள் விட்டுவந்த வேலையைப் பற்றி எந்த மேடையிலும் எவரும் பேசக் கேட்டிலேன்.

உண்மையிலேயே ஊர் வாழ்வை விரும்புவோர் தாராளமாகச் செல்லட்டும். நான்கு ஏக்கரை நாற்பதாக்கட்டும். ஆனால் பிள்ளையை அவ்வூர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்க்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். படித்த தாயொருத்தி அக்குழுவில் அமர்ந்து, கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை, கணக்கு ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கேட்டால், அவள் பிள்ளையோடு நாற்பது உழவர் பிள்ளைகளும் நலம் பெறுவர். மாறாக, ஊருக்குச் சென்றும் ஊர்ப்பள்ளியைப் புறக்கணித்து, தன் வேலிக்குள் தன் பிள்ளைக்கு மட்டும் தனிக்கல்வி அமைப்பவர், பள்ளியின் சேர்க்கை எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கின்றார். வேலிக்கு அப்பால் களையெடுக்கும் பெண்ணின் மகன், சின்ன ஐயா பள்ளிக்குப் போகவில்லையே, நான் மட்டும் ஏன் போகவேண்டும் என்று கேட்பான். அவனுக்கு ஆங்கிலம் அறிந்த தாயும் இல்லை. வங்கியில் வைப்புத் தொகையும் இல்லை.

வெளிமாநிலத் தமிழராகிய நம்மை இம்முழக்கம் ஈர்ப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அதனை நான் எளிதாகத் தள்ளவில்லை. இந்தியிலும் ஆங்கிலத்திலும் வளரும் பிள்ளை, பாட்டியின் பேச்சைப் பாதி புரிந்துகொண்டு பாதிக்குச் சிரித்து மழுப்புவதைக் காணும்போது, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று தோன்றும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகின்றது. பிற நகரங்களில் அத்தகைய வாய்ப்பு அரிது. எனினும் பிள்ளைக்குத் தமிழும் பருவமும் தெரியாமற்போனதற்குப் பள்ளியைக் குற்றம் சாட்டுமுன், நாம் அவர்களை ஊருக்கு அழைத்துச் செல்லும் காலத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், வைகாசி வெயிலில் கொண்டுபோய் இறக்குகின்றோம். ஆற்றில் மணல், வாய்க்காலில் முள், வயலில் வெடிப்பு. பத்தாண்டு ஊருக்குச் சென்ற பிள்ளையும் ஒருமுறைகூட நட்ட வயலைக் கண்டிராது. அதன் உள்ளத்தில் தஞ்சை என்பது புழுதியும் மாம்பழமும்தான்.

நடுவணரசு ஊழியர்க்குச் சொந்த ஊர் செல்ல இரண்டாண்டுக்கொருமுறை விடுப்புப் பயணச் சலுகை உண்டு. அதனை மே மாதத்துக்கே எடுக்க வேண்டும் என்று எவ்விதியும் இல்லை. தசராவையொட்டி அக்டோபரில் பள்ளிகள் மூடும் நாள்கள் புரட்டாசி நடவோடு ஏறக்குறையப் பொருந்தி வருகின்றன. ஈட்டிய விடுப்பில் ஐந்து நாள் சேர்த்தால் ஐப்பசியின் முதல் மழையையும் பார்த்துவிடலாம். ஓராண்டு நடவுக்கும், மறு ஆண்டு நம் கைப்பணத்தில் பொங்கல் அறுவடைக்கும் அழைத்துச் சென்றால், எட்டாம் வகுப்பை முடிப்பதற்குள் பிள்ளை நெல்லின் வாழ்நாளைப் பலமுறை கண்டுவிடும். ஆண்டுதோறும் கோடையில் ஊர்ச்சுற்றுலா நடத்தும் சங்கங்கள் அதனை அக்டோபருக்கு மாற்றலாம். இரயில் முன்பதிவு அறுபது நாள்களுக்கு முன்னரே தொடங்குவதால் ஆகஸ்டு முதல் வாரத்திலேயே பெயர்ப்பட்டியல் எடுக்க வேண்டும். பள்ளிக்கு நான்கைந்து நாள் விடுப்புக் கேட்க நேர்ந்தால், விண்ணப்பத்தைப் பிள்ளையே எழுதட்டும். காரணம் என்னும் இடத்தில் காய்ச்சல் என்று எழுதாமல், எங்கள் வயலில் நடவு பார்க்கச் செல்கின்றேன் என்று எழுதட்டும்.